எஸ். முத்து வரவில்லை

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் தாய்மாமா சுடலைமுத்து இருந்தார். எங்கள் ஹெச்.ஆர். ஷீபா மேடம், செக்யூரிட்டி விஜயன் சேட்டன் இருவரும் இருந்தார்கள். மாவேலி மன்னரும் இருந்தார் (அக்கவுண்ட்ஸ் பினுதான், ஓணத்துக்காக மகாபலி வேஷம், தலையில் அட்டைக் கிரீடம், வயிற்றில் தலையணை). நாலு மாடி ஜனங்களும் இருந்தார்கள். கடைசியில் ஒரு தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது. வராதவர் ஒரே ஒருவர். போஸ்டரில் கொட்டை எழுத்தில் பெயர் போட்டிருந்த அன்றைய சிறப்பு விருந்தாளி, 'ஃப்ரேம் டிரம்' கலைஞர் எஸ். முத்து.

அவர் வராததற்கு நியாயமான காரணம் உண்டு. அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது. நான்தான் அவரை உண்டாக்கினேன்.

ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்த குடும்பம். அப்பா மொத்தக் கடைகளில் மூட்டை இறக்குகிறவர். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துக் கல்லூரிக்கும் போனவன் நான் ஒருத்தன்தான். பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில், வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். ஆறு மாதம் புரொபேஷன், அதற்கு அப்புறம்தான் நிரந்தரம் என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"லட்டு குடுத்தாச்சுல்லா? இனிமே அவங்க எப்படி வேண்டாம்னு சொல்லுவாங்க?" என்றாள்.

இப்படியாக, என் புரொபேஷனுக்கும் தெருவின் லட்டுக்கும் ஷீபா மேடம் ஒருவர்தான் பொறுப்பு. நிரந்தரமா இல்லையா என்று ஓணம் கழிந்த வாரத்தில் அவர் எழுதப்போகிறார். அதனால் அந்த மாதம் முழுக்க அவர் எதைச் சொன்னாலும் என் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

என் பெயர் இசக்கிமுத்து. ஆபீசில் ஐசக். முதல் நாளே யாரோ அப்படிக் கூப்பிட, நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. "ஐசக்கே, கிறிஸ்துமஸுக்கு கேக் உண்டல்லோ?" என்று பினு ஆனி மாதத்திலேயே கேட்டான். "உண்டு, உண்டு" என்றேன். (பெயரைத் திருத்துவதைவிடக் கேக் வாங்குவது சுலபம் என்று நினைக்கிற ஜாதி நான். அந்தக் குணத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.)

ஒரு நாள் மேடம் என் மேஜைக்கு வந்தார். அவர் பேசியதெல்லாம் மலையாளம். தமிழில் தருகிறேன், வாக்கியத்தின் வாலில் தொங்கும் அந்தக் 'கேட்டோ'வை மட்டும் என்னால் பெயர்க்க முடியவில்லை.

"ஐசக், ஓணம் கொண்டாட்டத்துக்கு ஒரு தமிழ் ஐட்டம் வேணும், கேட்டோ. திருவாதிரை நடனம் இருக்கு, வடம் இழுக்கிற போட்டி இருக்கு, எல்லா வருஷமும் அதே. உங்க ஆட்கள்ல பாட்டு, கொட்டு, ஏதாவது?"

"என் மாமா கொட்டுவார் மேடம்."

"ஆகா! என்ன வாத்தியம்?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே எழுத்து. எங்கள் ஊர்க் கோயில் கொடைகளில் மாமா அதைத் தோளில் மாட்டி, இடது கையில் நீளக் குச்சியும் வலது கையில் கட்டைக் குச்சியுமாக இறங்கினால் சாமியாடிக்கே மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வாத்தியத்தைப் பற்றி வராது, நம்மைப் பற்றி வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை வந்திருக்கிறது. அதிலிருந்து நான் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன், கன்னத்தில் அடக்கிய மாத்திரை மாதிரி.

"அது வந்து... ஒரு ஃப்ரேம் டிரம், மேடம்."

இணையத்தில் எங்கோ படித்த சொல். வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோல், கையில் பிடித்து அடிப்பது என்றால் உலகமெங்கும் அதற்கு அதுதான் பெயராம். பொய் சொல்லவில்லை என்று மனசாட்சியும் தலையாட்டியது. (அதுவும் அப்போது புரொபேஷனில் இருந்தது.)

மேடத்துக்குக் கண் மின்னியது. "ஃப்ரேம் டிரம்! கேட்கவே நல்லாருக்கே. ஆர்ட்டிஸ்ட் பேரு?"

சுடலைமுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். 'சுடலை' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால் மயானம் என்று சொல்லவேண்டி வரும். ஓணத்துக்கு அது பொருந்துமா?

"எஸ். முத்து" என்றேன்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் கொத்தனார். அப்போது மலைப்பக்கம் வித்துராவில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார்.

"ஆபீசுல அடிக்கணுமா? ஏசி ஆபீசுலயா?" மாமாவின் குரல் இரண்டு கட்டை ஏறியது. "எலே, நான் வாரேன்லே! லீவு போட்டுட்டு வாரேன். ஆமா, எங்க வச்சுக் காய்ச்ச?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமாவின் வாத்தியத்தை அடிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்ற வேண்டும். அதைத்தான் காய்ச்சுவது என்பார்கள். காய்ச்சாவிட்டால் நனைந்த சாக்கைத் தட்டியது மாதிரி சத்தம் வரும். காய்ச்சிவிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"அதெல்லாம் ஆபீசுல வசதி இருக்கு மாமா" என்றேன். நாள் முழுக்க ஏசி ஓடுகிற இடத்தில் தோல் தானாகக் காய்ந்துவிடும் என்று ஒரு பட்டதாரி நினைத்தான்.

ஓணம் கொண்டாட்டத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. இந்த ஊர் மழைக்குப் பெட்டிக்குள் வைத்த அப்பளம்கூட நமுத்துப்போகும். மாமாவோ வித்துராவிலிருந்து, இதைவிடப் பெரிய மழைக்குள்ளிருந்து, பஸ் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. கக்கத்தில் அரிசிச் சாக்கில் சுற்றிய அந்த வட்டம்.

வாசலில் விஜயன் சேட்டன் தடுத்தார். "ஆரா?"

"சுடலைமுத்து. இந்தப் பில்டிங்கு நான் கட்டுனது" என்றார் மாமா. (உண்மைதான். இரண்டாவது மாடிக் கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்.)

விஜயன் சேட்டன் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் படிகளில் உருண்டு வராத குறையாக ஓடி வந்தேன். "சேட்டா, இதான் எஸ். முத்து! நம்ம கெஸ்ட்!"

மாமா கழுத்தில் விருந்தினர் அட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் கேட்டார்.

"எலே, சுடலைய எங்க விட்ட?"

"அது... சுருக்கமா போட்டுருக்கு மாமா. இனிஷியல்."

"எங்கப்பம் பேரு மாடசாமி. எனக்கு இனிஷியலு மா. எஸ்ஸுங்கது யாரு?"

நாலாவது மாடி வந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் இவ்வளவு சரியான நேரத்தில் திறந்ததில்லை.

பேன்ட்ரியில் சாக்கைப் பிரித்தோம். மாமா விரலால் ஒரு தட்டுத் தட்டினார். 'தொப்' என்றது. இன்னொரு தட்டு. 'தொப்.' ஹாலில் பூக்கோலத்தைச் சுற்றித் திருவாதிரை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்து நாங்கள்.

"தீ எங்கலே?"

"மாமா, இங்க தீ கூடாது. தீப்பெட்டியே உள்ள விட மாட்டாங்க."

"வசதி இருக்குன்னியே?"

நான் இண்டக்‌ஷன் அடுப்பைக் காட்டினேன். மாமா வாத்தியத்தை அதன் மேல் வைத்தார். பாத்திரம் இல்லை என்று அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. "மழையில நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி அழுதுலே இது" என்று எடுத்துவிட்டார். திருவாதிரைப் பெண்கள் வைத்துவிட்டுப் போயிருந்த தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தேன். அதைத் தோலில் காட்டியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்கு. ஆனா எனக்குத்தான் சொகம், தோலுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அப்போதுதான் பிரெட் டோஸ்டர் என் கண்ணில் பட்டது.

எனக்கு அது ஒரு பெரிய அறிவியல் கண்டுபிடிப்பாகத் தோன்றியது. உள்ளே சிவப்பாகக் கம்பி கனல்கிறது. ஆனால் தீ இல்லை. சட்டத்துக்கும் சம்மதம், தோலுக்கும் சம்மதம். கைப்பிடியை அமுக்கினேன். மாமா வாத்தியத்தை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றினார். கொஞ்ச நேரத்தில் தோலில் விரலைச் சுண்டினார்.

'டண்.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்குச் சாம்பார் சரியாக வந்துவிட்டால் சமையல்காரர்கள் பார்த்துக்கொள்வார்களே, அப்படி.

"மருமவனே, படிச்சவம் படிச்சவந்தான்!" என்றார் மாமா. "இன்னும் ரெண்டு மட்டம் அமுக்கு."

அமுக்கினேன். அந்த டோஸ்டரின் அடியில் எத்தனை மாதத்து ரொட்டித் தூள் கிடந்ததோ, யார் எப்போது சீஸ் வைத்துச் சுட்டார்களோ தெரியாது. மூன்றாவது தடவை அமுக்கியதில் எல்லாம் சேர்ந்து புகையத் தொடங்கின. மாமா பதறிப்போய்த் தோள் துண்டை எடுத்துப் புகையை விசிறினார். நல்ல விசிறல். புகை நேராக மேலே போயிற்று. மேலே கூரையில், வெள்ளையாக, பழைய காலத்துக் காலிங்பெல் மாதிரி ஒன்று இருந்தது.

அது காலிங்பெல் இல்லை.

நாலு மாடியிலும் ஒரே நேரத்தில் அலாரம் அலறியது. விளக்குகள் சிமிட்டின. ஒரு பெண் குரல் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு மலையாளத்திலும், எல்லாரும் படிகள் வழியாக அமைதியாக வெளியேறும்படி கேட்டுக்கொண்டது. அமைதியாக யாரும் வெளியேறவில்லை. அப்போதுதான் ஹாலின் மறுகோடியில் சத்யை, அதாவது ஓணத்து இலை விருந்து, பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் இலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு அம்மாள் பாயசக் கிளாஸோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் நாலு மாடி இறங்கினார். மாவேலி மன்னர் ஓலைக்குடையை விரித்தபடியே படியில் இறங்கப் பார்க்க, குடை சுவரில் சிக்கி, பின்னால் வந்தவர்கள் முட்ட, தலையணை நழுவி முழங்காலுக்கு வந்துவிட்டது. பாதாளத்துக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் திரும்பிய வருஷம் வேறு கிடையாது.

கீழே வாகன நிறுத்தம் பக்கம், 'கூடுமிடம்' என்று பச்சைப் பலகை மாட்டிய இடத்தில் எல்லாரும் தூறலில் நின்றார்கள். ஷீபா மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தின் நடுவில், உலகத்திலேயே சின்ன மனிதனாக நின்றுகொண்டிருந்தேன். லட்டுகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குத் திரும்பி வருவது கண்ணில் தெரிந்தது.

"கெஸ்ட் எங்கே? எஸ். முத்து!" என்று மேடம் கத்தினார். "எஸ். முத்து! அய்யோ, அந்த ஆள் மேலேயே இருக்கிறாரா?"

மாமா என் பின்னால்தானே இறங்கினார்? கட்டடத்துக்குள் ஓடப் பார்த்தேன். விஜயன் சேட்டன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

அப்போது கேட்டது. டண், டண், டகுடகு டண்.

இரு சக்கர வண்டிகள் நிறுத்தும் தகரக் கொட்டகையிலிருந்து வந்தது சத்தம். மாமா என்ன செய்திருந்தார் என்றால், பூ வந்த அட்டைப் பெட்டிகளையும் விஜயன் சேட்டனுடைய அன்றைய பேப்பரையும் கொட்டகை ஓரத்தில் குவித்து, பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியால் பற்றவைத்து (தீப்பெட்டியை உள்ளே விட மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன், வாசலில் அவரை யாரும் சோதிக்கவில்லை), வாத்தியத்தை முறையாகக் காய்ச்சி, இரண்டு குச்சிகளையும் எடுத்துவிட்டார். "வெளியத்தான் தீ போடணும்னா மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று பிற்பாடு கேட்டார். எல்லாரும் வெளியே வந்து நின்றதை அவர் நிகழ்ச்சி இடம் மாறியதாக எடுத்துக்கொண்டாராம்.

அந்த அடியை நான் வர்ணிக்கப் போவதில்லை. தூறலில் நடுங்கிக்கொண்டிருந்த கூட்டம் முதலில் தலையை ஆட்டியது. அப்புறம் காலை ஆட்டியது. நாலாவது மாடியும் இரண்டாவது மாடியும் எந்தக் காலத்தில் பேசிக்கொண்டன? அன்று கை கோத்து ஆடின. மாவேலி தலையணையைக் கழற்றி எறிந்துவிட்டு, குடையைச் சுழற்றிக்கொண்டு நடுவில் குதித்தான். பாயசக் கிளாஸ் அம்மாள் கிளாஸோடு ஆடினார், அப்போதும் சிந்தவில்லை. மேடத்தின் கையிலிருந்த பெயர்ப் பட்டியல் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கூட மறந்துபோய் ஒரு குதி குதித்தேன்.

இந்தக் காட்சியைத்தான் தீயணைப்பு வண்டி பார்த்தது. மணியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களுக்குக் கட்டடத்தில் நெருப்பு எங்கேயும் தெரியவில்லை. வண்டிக் கொட்டகையில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நூறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு மன்னர் உட்பட.

அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தார்கள்.

நெருப்பு அணைந்தது. மாமாவும் அணைந்தார். வாத்தியத்தின் தோல், புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல், சட்டத்திலிருந்து ஒரு ஓரமாகக் கழன்று நாக்கு மாதிரி தொங்கியது. மாமா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ஆட்டம் நின்றுவிட்டது.

அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "இவிடெ ஆரா தீ வச்சது? எதுக்கு?"

மேடம் முன்னால் போய், "சார், ஒரு ஃப்ரேம் டிரம் ப்ரோக்ராம்..." என்றார்.

"ட்ரம்முக்கு எதுக்குத் தீ?"

மேடம் என்னைப் பார்த்தார். பினு என்னைப் பார்த்தான். நாலு மாடியும் பார்த்தது. நியாயமான கேள்விதான். ஃப்ரேம் டிரம்முக்கு எதுக்குத் தீ? எனக்குத் தெரியாது. எஸ். முத்துவைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. இந்தத் தீக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அந்தக் காரணத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. தொங்கிய தோலைச் சட்டத்தில் ஒட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது ஃப்ரேம் டிரம் இல்லை" என்றேன். "பறை. பறைன்னா காய்ச்சணும், காய்ச்சாம அடிக்க முடியாது. இவர் எஸ். முத்து இல்லை, சுடலைமுத்து, என் தாய்மாமா. நான் ஐசக் இல்லை, இசக்கிமுத்து." சொல்லத் தொடங்கியதும் நிறுத்தத் தெரியவில்லை. "கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கிடையாது" என்றும் சொல்லிவிட்டேன்.

இத்தனை வருஷம் நான் பயந்துகொண்டிருந்த அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அதிகாரி சொன்னார்: "பறையோ, ட்ரம்மோ, எதுவா இருந்தா எனக்கென்ன மோனே? நாற்பது வண்டி, எல்லாத்துலயும் பெட்ரோல். அதுக்கு நடுவுல வச்சா தீ போடுவாங்க?"

அவ்வளவுதான். எனக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியவில்லை. பினு மட்டும் பக்கத்தில் வந்து, மிகுந்த வருத்தத்தோடு, "அப்போ கேக்?" என்றான்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "ஐசக்... சரி, இசக்கி. பறை நல்ல பேராச்சே. ஏன் மாத்தின?" என்றார். நான் மாமாவின் கையில் தொங்கிய தோலைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை கேக்கும்போது அதையே சொல்லணும், கேட்டோ" என்று மட்டும் சொன்னார்.

என் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார். அப்புறம் நிரந்தரம். கூடவே ஒரு தனிப் பொறுப்பும் வந்தது: நாலாவது மாடியின் தீப் பாதுகாப்பு அலுவலர் இனிமேல் நான்தான். சிவப்புத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். "எம்மவன் தீயணைக்குற ஆபீஸர்" என்று அம்மா தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள். அதற்கும் லட்டு கொடுத்தாள். வீட்டில் யார் தோசைக் கல்லைப் புகையவிட்டாலும் அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று, "ம், மாமன அடிக்கச் சொல்லு" என்கிறார்.

அடுத்த ஓணத்துக்கு மாமாவை மறுபடி கூப்பிட்டார்கள். முற்றத்தில், மணல் வாளியோடு நான் காவல் நிற்க, அவர் முறையாகக் காய்ச்சினார். போஸ்டரில் 'பறை: மா. சுடலைமுத்து' என்று இருந்தது. மாமா அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆனால் முதல் வருஷத்துச் சன்மானம் இரண்டாயிரம் இன்னும் அக்கவுண்ட்ஸில் கிடக்கிறது. அது எஸ். முத்து பெயரில் ஒதுக்கியது. ஒரு கையெழுத்துப் போட்டால் பணம் கைக்கு வரும் என்று பினு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். "நான் அந்த ஆளு இல்லையே தம்பி. அவரு வந்தா அவருகிட்ட குடுங்க" என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆக, கட்டடத்துக்காரர்கள் போட்ட அபராதம் ஐயாயிரம், அதை என் சம்பளத்தில் பிடித்தார்கள். புது டோஸ்டர் ஆயிரத்து எண்ணூற்றைம்பது, அதுவும் என் கணக்கு. பறைக்குப் புதுத் தோல் போட்டது இரண்டாயிரத்து ஐந்நூறு, அது மாமா கணக்கு. எஸ். முத்து வந்து வாங்காத இரண்டாயிரமும் மாமா கணக்குதான். ஒரு சின்னப் பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருந்ததற்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆன வாடகை, பதினோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.